ஒரே நாள், குடும்பத்தோடு நடை: ஏற்காடா, சேலம் டவுனா?

டிசம்பர் விடுமுறையில் கோவையிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. இருந்தது ஒரே ஒரு பகல். முடிந்தவரை நடந்தே ஊரைப் பார்ப்பது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மலைக்குப் போவதா, டவுனைச் சுற்றுவதா என்பதில்தான் பேச்சு நீண்டது. ஏற்காட்டில் நடந்து பழக்கம் உள்ளவன் நான். இருந்தும் டவுன்தான் என்று பிடிவாதமாக நின்றேன். அன்று மாலையே எனக்கு அது இன்னும் உறுதியானது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். குளிருக்கும் காட்சிக்கும் ஏற்காடுதான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. டவுனில் வெயிலும் ஹாரனும் உண்டு. செலவு டவுனுக்குக் குறைவு.

நடந்து பார்க்கிற குடும்பத்துக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: ஒருவருக்குக் கால் வலித்தால் அவர் மட்டும் பாதியில் விலகிக்கொள்ள முடியுமா? எங்கள் கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய அம்மாவும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மருமகளும் இருந்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் களைப்பதில்லை. முதலில் ஒருவர் உட்காருவார், மற்றவர்களுக்கு இன்னும் பார்க்க ஆசை இருக்கும்.

ஏற்காட்டில் இங்கேதான் சிக்கல். ஏரி, படகுத்துறை, அண்ணா பூங்கா எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன, அதுவரை சுகம். அப்புறம் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் ஏற்ற இறக்கம். பல இடங்களில் நடைபாதை கிடையாது, வளைவில் கார் வந்தால் பிள்ளையைப் பிடித்து ஓரம் இழுக்க வேண்டும். கிளியூர் அருவிக்கு இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறி வரும்போது முழங்கால் சொல்லும். வழியில் ஒருவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டியதுதான், ஏனென்றால் அவரை மட்டும் அனுப்பிவைக்கக் காலியாக வருகிற வண்டி எளிதில் கிடைக்காது. கூட்டத்தில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் எல்லோருக்கும்.

டவுனில் அந்தக் கட்டு இல்லை. காலையில் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி சுகவனேஸ்வரர் கோயிலில் தொடங்கினோம். சுகப்பிரம்ம ரிஷி கிளி உருவில் வந்து பூஜித்த தலம் என்று அம்மா சொல்ல, கோபுரத்தில் எங்கே கிளி என்று மருமகள் தேட ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்து கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர் பெருமாள் கோயில், அப்படியே கடைவீதி ராஜகணபதி. ஒன்றிலிருந்து இன்னொன்று கூப்பிடு தூரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குழந்தை சிணுங்கத் தொடங்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. நடுவில் இளநீர் கடை, டீக்கடை, திண்ணை, எங்கு திரும்பினாலும் ஆட்டோ.

கோயில்கள் 12 மணிவாக்கில் நடை சாத்திவிட்டால் திறக்க 4 மணி ஆகும். அதனால் கோயில்களைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். சாப்பாடு ஆனதும் அம்மா, “நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்டுக்குப் போறேன்” என்றார். ஆட்டோ வந்தது, ஏறினார், போய்விட்டார். யாருக்கும் மனக்குறை இல்லை. ஏற்காட்டில் என்றால் அந்த ஒரு வார்த்தையோடு அன்றைய நாள் முடிந்திருக்கும்.

மதியத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையை வைத்திருந்தோம். வெல்ல மண்டிப் பக்கம் போகும்போதே காற்றில் இனிப்பு ஏறுகிறது. தெரிந்தவர் ஒருவரின் கொலுசுப் பட்டறைக்குள் கொஞ்ச நேரம் நின்றோம். ஒரு அக்கா தரையில் உட்கார்ந்து, நெல்மணி அளவு வெள்ளி வளையங்களைக் குறடால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் சிறு தீச்சுடரைக் காட்டி இணைப்புகளைப் பற்றவைத்தார். வெள்ளி ஒரு நொடி சிவந்து மறுபடி வெளிறியது. தான் காலில் போட்டிருக்கும் கொலுசு இப்படித்தான் வந்தது என்று தெரிந்ததும் மருமகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். வேலை நாளாகப் பார்த்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பட்டறை என்பது அவர்கள் பிழைக்கிற இடம். மண்டித் தெருக்களில் லாரி நிற்கும், சரக்கு இறங்கும்; அங்கே பிள்ளையின் கையை விடக் கூடாது.

மாலையில் தட்டுவடை செட். தள்ளுவண்டிக்காரர் ஒரு தட்டுவடையில் பச்சை, சிவப்புச் சட்னிகளைத் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தை வைத்து மேலே இன்னொன்றை மூடித் தருவார். கடித்தால் சிதறும், முழுசாக வாயில் போட வேண்டும். காரம் ஆகாத பிள்ளைக்குச் சிவப்புச் சட்னி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இது மார்கழிக் குளிரில் நடந்த நடை. மே மாதம் சின்னப் பிள்ளைகளோடு டவுனில் இப்படி நான் நடந்ததில்லை, நடக்கச் சொல்லவும் தைரியம் இல்லை. ஆடித் திருவிழாவில் கோட்டைப் பக்கம் கூட்டம் நெரியும், அது வேறு மாதிரி நாள். மழைக்கால ஏற்காட்டிலும் எனக்கு நடை அனுபவம் குறைவுதான். மலையில் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் கணக்கே மாறும்: விடிகாலையில் வண்டிகள் வருமுன் ஏரியோரம் நடக்கலாம், களைத்தவர் அறைக்குத் திரும்பலாம். காலையில் போய் மாலையில் இறங்குவதானால், 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே நாளில் இரு முறை கடக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அதிலேயே பாதித் தெம்பு போய்விடும். அப்படியும் மலைதான் வேண்டும் என்றால் ஏரியையும் பூங்காவையும் மட்டும் நடந்து பாருங்கள், மற்ற இடங்களுக்குக் காலையிலேயே ஒரு வண்டி பேசிவிடுங்கள்.