புகென்ஹாகனா, ஆம்ஸ்டார்ஃபா: யாரை முதலில் படிக்கலாம்?

லூத்தரன் போதகர் ஒருவரின் வாழ்க்கையைப் படிக்க நினைப்பவர்கள் இந்த இருவரிடையேதான் தடுமாறுவார்கள். இருவரும், 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்து சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் நெருங்கிய நண்பர்கள்.

பணி:
புகென்ஹாகன் – 1523 முதல் லூத்தர் வாழ்ந்த விட்டன்பர்க் நகரின் ஊர்த் தேவாலயப் போதகர். லூத்தருக்குத் திருமணம் செய்து வைத்தவர், 1546இல் லூத்தரின் அடக்கப் பிரசங்கம் செய்தவரும் அவரே.
ஆம்ஸ்டார்ஃப் – 1542இல் லூத்தர் கையாலேயே நவும்பர்க் ஆயரானவர். 1547இல் கத்தோலிக்கப் பேரரசர் லூத்தரன் இளவரசர்களை வென்ற போரில் பதவி பறிபோனது.

1548 சோதனை:
பேரரசர் ஐந்தாம் சார்லஸின் நெருக்கடியால், லூத்தரன் சபைகள் சில கத்தோலிக்கச் சடங்குகளை மீண்டும் ஏற்கும் லைப்சிக் உடன்பாடு வந்தது. வெள்ளை அங்கி, பழைய சடங்குகள் மீண்டும் வரலாமா? இவை விசுவாசத்தைத் தொடாதவை என்றது விட்டன்பர்க். புகென்ஹாகனும் அங்கேயே இருந்தார். மிரட்டலுக்குப் பணிந்து போடும் அங்கி வெறும் துணியல்ல என்றது மக்தபர்க் நகரம், அதற்காக முற்றுகையையும் தாங்கியது. ஆம்ஸ்டார்ஃப் அந்தப் பக்கம். என் மனமும் அங்கேதான்.

ஆனால் மீட்புக்கு நற்செயல் தேவை என்ற கியோர்க் மேயர் எனும் லூத்தரன் இறையியலாளரை மறுக்கப்போய், நற்செயல் மீட்புக்குத் தீங்கு என்றே ஆம்ஸ்டார்ஃப் எழுதியது எனக்கு வலிக்கிறது.

விட்டுச் சென்றது:
புகென்ஹாகன் – ஹாம்பர்க், லூபெக், டென்மார்க் சபைகளுக்கான ஒழுங்குகள், அதாவது சபை நடத்தும் விதிமுறைகள். அதே டென்மார்க்கின் அரசர் அனுப்பிய மிஷனரி சீகன்பால்குதான் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்.
ஆம்ஸ்டார்ஃப் – வாதநூல்கள்.

சபை எப்படிக் கட்டப்பட்டது என்று அறிய புகென்ஹாகன். மனசாட்சிக்கு என்ன விலை என்று அறிய ஆம்ஸ்டார்ஃப்.