மருந்தக இருப்பு மென்பொருள்: தேடலைக் குழப்பும் விழுக்காட்டுக் குறி

திருகோணமலையில் நாங்கள் நடத்தும் சிறு மருந்தகத்தில் ஆறு மாதமாகப் பயன்படுத்தும் இந்த மென்பொருளின் விற்பனைச் சிட்டையும் காலாவதி எச்சரிக்கையும் குறைசொல்ல முடியாதவை. தேடல்தான் பொறுமையைச் சோதிக்கிறது. ‘5%’ என்று தட்டினால் 5 விழுக்காட்டு டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் வராமல், 500 மில்லிகிராம் பரசிட்டமோல் உட்பட, பெயரில் 5 உள்ள அனைத்தும் வந்து குவிகின்றன. ‘%’ மட்டும் கொடுத்தால் கடை முழுவதும் திரையில் இறங்கிவிடுகிறது.

தரவுத்தளங்களில் தேடப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியின் லைக் (LIKE) வினவலில் ‘%’ எத்தனை எழுத்துகளுக்கும், ‘_’ ஏதேனும் ஓரெழுத்துக்கும் பொருந்தும் குறிகள் என்பதை நிரலாளர் கவனிக்கவில்லை. அவை வெறும் எழுத்துகளாகவே கொள்ளப்பட, அவற்றின் முன் பின்சாய்கோடு (\) இட்டிருக்க வேண்டும். அதற்கும் முன்பாக, தட்டப்பட்ட சொல்லில் ஏற்கெனவே உள்ள பின்சாய்கோட்டை இரட்டித்திருக்க வேண்டும், வரிசை மாறினால் புதிதாக இட்டவையும் இரட்டிப்பாகிவிடும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்கள் இப்பணிக்குப் பின்சாய்கோட்டை இயல்பாகவே ஏற்கும். இம்மென்பொருள் நம்பியிருக்கும் எஸ்கியூலைட்டிலோ ‘எஸ்கேப்’ (ESCAPE) என்று வினவலில் வெளிப்படையாக அறிவிக்காவிட்டால் பின்சாய்கோடு வெறும் எழுத்தே. தட்டப்பட்ட மதிப்புகளை வினவலோடு ஒட்டாமல், தனியே அளவுருக்கள் வழியாகவே அனுப்புவதாக விற்றவர் சமாதானம் சொன்னார். அது தேடல் சொல் வழியே கட்டளைகளைப் புகுத்தும் ஊடுருவலைத் தடுக்கும், இக்குறிகளைத் தடுக்காது. திருத்தம் வரும்வரை ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்களே கொடுப்பேன்.