7க்கு 14 மூடிய டிரெய்லர்: சில வருஷம் இழுத்த பிறகு

டாலஸ் வட்டாரத்தில் வார இறுதிகளில் கல்யாண மேடை, ஒலி-ஒளி வேலை எடுத்துச் செய்கிறேன். மேடைத் தூண்கள், ஸ்பீக்கர், விளக்கு, கேபிள் பெட்டிகள் எல்லாம் ஒரு மூடிய டிரெய்லரில் ஏறி என் ஃபோர்டு எஃப்-150 பின்னால் வரும். 7 அடி அகலம், 14 அடி நீளம், இரட்டை அச்சு, முன்பக்கம் கூர்மையான வி வடிவம். சில வருஷமாக இழுக்கிறேன். எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை எழுதிவைக்கிறேன்.

டிரெய்லர் கடைக்குப் போகும் முன் ட்ரக்கின் டிரைவர் கதவைத் திறந்து பாருங்கள். ஆளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவை எடையை விட இந்த எண்தான் நம்மை முதலில் மடக்கும். என் வண்டியில் 1,600 சொச்சம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின், அதாவது ட்ரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின், மேல் உட்கார வேண்டும். குறைந்தால் ஹைவே வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். 5,000 பவுண்டு டிரெய்லருக்கு இந்த டங் வெயிட் 600 என்று வையுங்கள், அதுவும் அந்த 1,600இல்தான் கழியும். வண்டியில் நாலு ஆள், 700. மிச்சம் 300. அதிலும் ஹிட்ச் இரும்பு, ட்ரக்கின் பின்னால் ஒரு ஜெனரேட்டர். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

அடுத்தது 2,990. 6க்கு 12 ஒற்றை அச்சு டிரெய்லர்கள் பலவற்றின் தகட்டில், பெட்டியும் சரக்கும் சேர்ந்து போகக்கூடிய அதிகபட்ச எடை இத்தனை பவுண்டுதான். கீழே இருக்கும் அச்சு 3,500 தாங்கும். ஆனால் பல மாநிலங்களில் 3,000 பவுண்டு வந்தால் பிரேக் கட்டாயம், அதனால் அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிடுகிறார்கள். வெறும் பெட்டியே 1,300, 1,400 வந்துவிடும். ஏற்றுவதற்கு 1,600 பக்கம்தான் மிச்சம். வீட்டுச் சாமானுக்கு இது தாராளம், மேடை வேலைக்குக் கட்டாது. இரட்டை அச்சு என்றால் இரண்டு 3,500, ஆக 7,000. கூடவே மின்சார பிரேக். அந்த பிரேக் வேலை செய்ய ட்ரக்கில் 7 முள் சாக்கெட்டும், டிரெய்லர் பிரேக்கை ட்ரக்கிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். 4 முள் சாக்கெட் விளக்குக்கு மட்டும்தான்.

இரட்டை அச்சுக்காக நான் வாதாடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரு ஆகஸ்ட் மதியம், வேக்கோவுக்குப் போகும் வழியில் ஐ-35இல், பின் சக்கரம் ஒன்றில் டயரின் மேல்தோல் மொத்தமாக உரிந்து வந்தது. சத்தம் பலமாகக் கேட்டது, மட்கார்டு கிழிந்தது, ஆனால் பெட்டி சாயவில்லை. பக்கத்துச் சக்கரம் தாங்கிக்கொண்டது. டயரில் பட்டன் ஆழமாகவே இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதை விட வெயிலில் நின்று வயதாகிச் சாவதே அதிகம். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருஷத்தில் மாற்றிவிடுவது நல்லது. காற்றும் பக்கச் சுவரில் போட்டிருக்கும் முழு அளவுக்கே இருக்கட்டும்.

மற்றதெல்லாம் கூரைதான். மூடிய டிரெய்லர் வாங்குவதே நனையாமல் இருக்கத்தானே? என்னுடையதில் இரண்டாவது மழைக்காலத்தில் முன்பக்க மேல் மூலையில், ஆரஞ்சு விளக்கு பதித்த துளை வழியாகத் தண்ணீர் இறங்கியது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பிளைவுட்டில் டீக்கறை மாதிரி ஒரு வளையம். விரலால் அழுத்தினால் அமுங்கியது. விற்ற கடைக்காரர் அதைப் பராமரிப்புக் குறை என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். விளக்கைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் கூரைக்குப் போடும் சீலன்ட் வைத்து நானே அடைத்தேன். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி விளிம்பு முழுக்கப் பார்த்துவிடுகிறேன். வாங்கும்போது ஒரே தகடான அலுமினியக் கூரையா, ஒட்டுப்போட்டதா என்று கேளுங்கள். ஒரே தகடு என்றால் கூடுதல் காசு கொடுக்கலாம். பளபளக்கும் கறுப்புப் பெயின்ட்டுக்குக் கொடுக்காதீர்கள், டெக்சஸ் வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது.

சட்டத்தையும் குனிந்து பாருங்கள். குறுக்கு இரும்புகள் 16 அங்குலத்துக்கு ஒன்றா, 24க்கு ஒன்றா? விலை வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இந்த டிரெய்லர்கள் இந்தியானாவின் எல்கார்ட் பக்கமும் தெற்கு ஜார்ஜியாவின் டக்ளஸ் பக்கமும் நிறையத் தயாராகின்றன. ஊரை வைத்துத் தரம் தீர்மானிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் எல்லாத் தரமும் உண்டு.

பின்கதவு சாய்தளமா, இரட்டைக் கதவா? உருட்டி ஏற்றுபவருக்குச் சாய்தளம். ஃபோர்க்லிஃப்டில் பாலெட் வைப்பவருக்கு இரட்டைக் கதவு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மைலேஜ் பாதியாகும். சும்மா ஓடும்போது கேலனுக்கு 20 மைல் தரும் வண்டி டிரெய்லரோடு 10, 11 தருகிறது. காலிப் பெட்டிக்கும் ஏறக்குறைய அதேதான். எடையை விட எதிர்க்காற்றுதான் பெட்ரோலைக் குடிக்கிறது. அதனால் தேவையில்லாமல் உயரம் கூட்டி வாங்காதீர்கள். வி முகப்பால் எனக்குக் கிடைத்த லாபம் கேபிள் தொங்கவிட ஒரு மூலை. மைலேஜில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டாலஸ் டோல் சாலைகளில் கட்டணம் அச்சுக் கணக்கு. ட்ரக்கும் இரட்டை அச்சும் சேர்ந்தால் நாலு அச்சு, கார் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. கல்யாண வீட்டாருக்கு விலை சொல்லும்போதே இதைச் சேர்த்துவிடுவேன்.

கடைசியாக, எங்கே நிறுத்துவீர்கள்? இங்கே பல குடியிருப்புகளில் வீட்டு முன்னால் டிரெய்லர் நிற்கக் கூடாது. இரண்டு ராத்திரி தாண்டினால் எச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின், கடிதம் வந்துவிடும். அப்புறம் மாத வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். 14 அடி என்பது பெட்டி மட்டும். வி முகப்பும் ஹிட்ச் வரை நீளும் இரும்பும் சேர்ந்து 18, 19 அடி வரும், 20 அடி இடத்தில் நுழைந்துவிடும். 16 அடிப் பெட்டி வாங்கினால் அடுத்த அளவு இடத்துக்கு வாடகை கட்ட வேண்டியிருக்கும்.