பாதாளச் சாக்கடை அடைப்பு: வாளி, ஜெட், மறுசுழற்சி லாரி, ரோபோ – ஆளை இறங்க விடாமல் தடுப்பது எது?

மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆகியும் எங்கள் தெருமுனையில் இருந்த பாதாளச் சாக்கடை மூடியின் விளிம்பு வழியே கருநீர் கசிந்துகொண்டே இருந்தது. புகார் கொடுத்த மறுநாள் காலை ஜெட் ராடிங் லாரி வந்து, ரப்பர் குழாயைக் குழிக்குள் இறக்கி, அரைமணி நேரம் தண்ணீரைப் பீய்ச்சியது. நீர்மட்டம் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. நீண்ட மூங்கிலால் துழாவிப் பார்த்த தொழிலாளி, அடியில் சாக்கும் செங்கல் துண்டுகளும் கிடக்கின்றன, குழாயின் வாயை அவைதான் அடைத்திருக்கின்றன என்றார். பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்து, "இறங்கி எடுத்துடட்டுமா சார்?" என்று கேட்டார். மேற்பார்வையாளர் உறுதியாக மறுத்தார். இரும்புக் கொக்கி ஒன்றை வரவழைத்து, மேலிருந்தபடியே துழாவித் துழாவிச் சாக்கை வெளியே இழுக்க மதியம் ஆகிவிட்டது. சாக்கு வந்த அடுத்த கணம் குழியில் இருந்த நீர் மடக் மடக்கென்று இறங்கியது.

லாரி வந்து நின்ற பிறகும் அந்தக் கேள்வி எழுந்ததே, அதை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அடைப்பு எடுக்கும் இயந்திரங்களை விலை, வேகம், கொள்ளளவு ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுவதே வழக்கம். அவையும் தேவைதான். ஆனால் ஓர் இயந்திரம் தன் வேலையை முடித்த பிறகு, மனிதன் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை மிஞ்சுகிறதா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

மனிதனை இறக்குவது இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே இடம்பெற முடியாது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணித்தடைச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதை முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாக்கியிருக்கிறது. இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் 1993 முதல் நாடு முழுவதும் பதிவான இறப்புகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது என்பதை மனம் வலிக்காமல் எழுத முடியவில்லை.

இந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நச்சுவாயு. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தங்குகிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடுகிறது. நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று அனுபவசாலிகளும் ஏமாறுவது இதனால்தான். அதோடு, கசடைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளிப்படுகிறது. மூடியைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விட்டோம் என்பது ஒருபோதும் போதுமான காப்பு ஆகாது.

இயந்திரங்களில் மூத்தது வாளி இயந்திரம். அடுத்தடுத்த இரண்டு குழிகளின் மேல் வடத்தைச் சுற்றி இழுக்கும் இரு விஞ்சுகளை நிறுத்தி, நடுவே உள்ள குழாய்க்குள் கம்பிவடத்தில் கட்டிய வாளியை முன்னும் பின்னும் இழுத்து மணலை அள்ளும் முறை இது. மணல் கெட்டிப்பட்டுக் கிடக்கும் பெரிய குழாய்களில் இது இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. தண்ணீர் செலவும் இல்லை. ஆனால் வடத்தை ஒரு குழியிலிருந்து மறு குழிக்குக் கொண்டுசேர்க்கவும், கப்பியைக் குழாய் வாய்க்கு நேராக நிறுத்தவும் உள்ளே ஒரு கை தேவைப்படுகிறது. என் அளவுகோலில் இது முதல் படியிலேயே தவறிவிடுகிறது.

ஜெட் ராடிங் இயந்திரத்தின் நுட்பம் அழகானது. குழாயின் நுனியில் உள்ள கூம்புமுனையில் பின்நோக்கிய துளைகள் இருக்கின்றன; அவற்றின் வழியே நூறு பார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு) அழுத்தத்துக்கும் மேலாகத் தண்ணீர் பாயும்போது, அந்த உந்துவிசையாலேயே முனை தானாக முன்னேறுகிறது. நீரோட்டத்தின் கீழ்ப்புறக் குழியிலிருந்து மேல்நோக்கி முனையை அனுப்பிவிட்டு மெல்லத் திரும்ப இழுத்தால், கசடு முழுவதும் நீரோடு சேர்ந்து இறக்கிய குழிக்கே வந்து சேரும். எண்ணெய்ப் படிவு, தலைமுடி, சோற்றுக் கசடு, துடைப்புத் தாள் ஆகியவற்றால் ஏற்படும் அன்றாட அடைப்புகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

குறைகள் மூன்று உண்டு. வந்து சேர்ந்த கசடை உடனே உறிஞ்சி எடுக்க இன்னொரு லாரி பக்கத்தில் நிற்க வேண்டும். அது வராவிட்டால் நாம் அடைப்பை எடுக்கவில்லை, அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்திருக்கிறோம் என்றே பொருள். கசடிலிருந்து வெளிப்படும் சல்ஃபைடு, குழாயின் மேற்புறத்தில் கந்தக அமிலமாக மாறிக் காங்கிரீட்டை ஆண்டுக்கணக்கில் அரித்திருக்கும் பழைய குழாய்த்தடங்களில், அளவு மீறிய அழுத்தம் குழாயையே உடைத்துவிடக் கூடும். மூன்றாவது குறை எங்கள் தெருமுனையில் கண்டதுதான்: கல்லையும் சாக்கையும் மரக்கட்டையையும் தண்ணீரால் தூக்க முடியாது. ஜெட்டும் உறிஞ்சு லாரியும் சேர்ந்து வந்தாலும் கடைசி ஒரு முழம் மிஞ்சிவிடுகிறது.

சூப்பர் சக்கர் என்ற பெயரிலும் வழங்கும் மறுசுழற்சி லாரி, பீய்ச்சுவதையும் உறிஞ்சுவதையும் ஒரே வண்டியில் செய்து, உறிஞ்சிய கழிவுநீரை வடிகட்டி மீண்டும் ஜெட்டுக்கே பயன்படுத்துகிறது. தண்ணீர் நிரப்ப ஓடும் நேரம் மிச்சமாவதால் ஒரே நாளில் நீண்ட தூரத்தைத் துப்புரவு செய்து முடிக்கலாம். நான்கு ஏரிகளும் வற்றிப்போன 2019 கோடையைக் கண்ட சென்னை போன்ற நகரத்துக்கு இந்தத் தண்ணீர்ச் சேமிப்பு சிறிய விஷயம் அன்று. பிரதான குழாய்களுக்கும் ஆழமான குழிகளுக்கும் இதையே பரிந்துரைப்பேன். சாதாரண வெற்றிட உறிஞ்சலால் கோட்பாட்டளவில் பத்து மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர் அளவுக்கு மேல் நீரை ஏற்ற முடியாத இடங்களில், காற்றை வேகமாக ஓடவிட்டுக் கசடை அடித்துவரும் வகை வண்டிகளே பயன்படும். ஆனால் விலை கோடிக்கணக்கில். வண்டியோ மிகப் பெரியது. அடைப்பு அதிகம் ஏற்படும் பழைய குடியிருப்புகளின் குறுகிய சந்துகளுக்குள் இது திரும்பவே முடியாது. மாநகராட்சி கோடிகளில் லாரி வாங்கிய பிறகும் சந்துக்குள் ஆள் இறங்குவது தொடர்ந்தால், அந்தக் கொள்முதல் யாரைக் காப்பாற்றியது?

இந்த இடைவெளியைத்தான் சிறு ஜெட் வண்டிகள் நிரப்புகின்றன. ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2017இல் இத்தகைய 70 வண்டிகளையும், டெல்லி 2019இல் 200 வண்டிகளையும் களமிறக்கின. பெரிய லாரி நுழையாத தெருவுக்குள் இவை நுழையும். வண்டிகளை வாங்கியதைக் காட்டிலும் அவற்றை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது: தலித் தொழில்முனைவோரும், துப்புரவுப் பணியில் இருந்த குடும்பங்களும் கடனுதவியோடு உரிமையாளர்கள் ஆயினர். தமிழ்நாட்டிலும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தோடு இணைத்துச் சென்னையில் இதே வழி பின்பற்றப்படுகிறது. தன் வண்டி, தன் ஒப்பந்தம் என்று நிற்பவரிடம் ‘இறங்கு’ என்று சொல்வது அவ்வளவு எளிதன்று.

ரோபோ அந்தக் கடைசி ஒரு முழத்துக்கானது. திருவனந்தபுரத்தில் பொறியியல் பட்டதாரிகள் சிலர் உருவாக்கி 2018இல் அறிமுகமான பேண்டிகூட், தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்கு அதே ஆண்டு வந்தது. பேண்டிகூட் என்றால் நம் பெருச்சாளிதான். ‘பன்றி எலி’ என்று பொருள்படும் தெலுங்குச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் இப்படித் திரும்பி வந்திருக்கிறது. குழியின் மேல் நிறுத்தும் தாங்கியிலிருந்து இறங்கும் இந்த இயந்திரம், கால்களைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கேமராவின் உதவியோடு கல்லையும் துணியையும் கையால் அள்ளுவது போலவே அள்ளி வாளியில் போட்டு மேலே அனுப்புகிறது. இயக்குபவர் தெருவில் நின்று திரையைப் பார்த்து வேலை செய்கிறார். நச்சுவாயுவின் அளவும் அவருக்குத் தெரிகிறது. ஆனால் இது குழியைத் துப்புரவு செய்யும் கருவியே தவிர, இரு குழிகளுக்கு இடைப்பட்ட குழாயைத் துப்புரவு செய்வதன்று. ரோபோ வாங்கியாயிற்று என்று ஜெட் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் நகராட்சி, குழாய்க்குள் அடைப்பை வளர விடுகிறது.

ஆகவே பணம் குறைவாக உள்ள நகராட்சிக்கு என் வரிசை இதுதான்: வார்டுக்கு ஒரு சிறு ஜெட் வண்டியும் அதோடு இணைந்த உறிஞ்சு வண்டியும் முதலில், அவை ஒவ்வொன்றிலும் நீளக் கொக்கி, பற்றுக்கிடுக்கி, வாயு அளவி, அதன் பிறகு, கல்லும் சாக்கும் அடிக்கடி சேரும் குழிகளுக்காக ஒரு ரோபோ. மறுசுழற்சி லாரியை ஒன்றுக்கு மேற்பட்ட நகராட்சிகள் பகிர்ந்துகொள்ளலாம்.

எந்த இயந்திரத்தைத் தேர்ந்தாலும் புகார் வந்த பிறகு ஓடுவதற்கும் அட்டவணைப்படி போவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. உச்ச ஓட்டத்தின்போது நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது வடிவமைப்பு விதி. சரிவு குறைந்த இடங்களிலும் குழாய்த்தடத்தின் தொடக்க முனைகளிலும் இந்த வேகம் கிடைப்பதில்லை. அங்கே அடைப்பு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். தெருவில் தேங்கிய மழைநீரை வடிக்க நாமே மூடியைத் திறந்துவிடும்போது மணலும் பிளாஸ்டிக்கும் உள்ளே போகின்றன. எங்கள் தெருச் சாக்கு அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இந்த நான்கு இயந்திரங்களும் தொடாத இடம் ஒன்று உண்டு. கழிவுநீரேற்று நிலையத்தின் சேகரிப்புக் கிணற்றில் மூழ்கியிருக்கும் பம்பைக் கழற்றுவதற்கு, தலைமை அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு ஆள் இறங்கலாம் என்று 2013ஆம் ஆண்டின் விதிகளே ஒரு விலக்கு வைத்திருக்கின்றன. வழிகாட்டித் தண்டவாளமும் தானாகப் பொருந்தும் இணைப்பும் உள்ள பம்பாக இருந்தால், மேலிருந்தபடியே சங்கிலியால் அதைத் தூக்கிவிடலாம். அந்த விலக்குக்கு வேலையே இருக்காது. புதிய நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இதைக் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்கவும், பழைய நிலையங்களில் பம்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தைப் பொருத்தவும் எந்த வாரியமும் இன்றே தொடங்கலாம்.