பிஸ்டலுக்கு எண்ணெயா, கிரீஸா?

சென்னையில் பிஸ்டல் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர், அதாவது குழலில் தோட்டா அமரும் அறை, காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நிற்பது: எண்ணெய் மெல்ல வடிந்துவிடும். கிரீஸ் வைத்த இடத்திலேயே இருக்கும். ஸ்லைடும் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) ஃபிரேமும் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி) உரசும் தடத்துக்கு, அதுவும் அலுமினிய ஃபிரேம் என்றால், என் ஓட்டு கிரீஸுக்கு.

அழுக்கு: சுடும்போது படியும் கரியைக் கிரீஸ் பிடித்துச் சாந்தாக்கும். எண்ணெய் ஒரு துடைப்பில் போய்விடும்.

துரு: நம்மூர் கடல் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் எஃகுப் பரப்பு முழுக்க மெல்லிசாக எண்ணெய்தான். ஒரு மழைக்காலம் பிஸ்டலைத் தோல் உறையிலேயே விட்டுவைத்தேன்; பின்சைட் (குறிபார்க்கும் பின்பக்கத் துண்டு) ஓரம் செம்பழுப்பாகப் பூத்துவிட்டது. தோல் ஈரத்தை அப்படி இழுத்து வைத்துக்கொள்ளும்.

விலை: இரண்டும் துளித் துளியாகத்தான் செலவாகும், விடுங்கள்.

வாரந்தோறும் .22 (தோட்டா அளவு) சுடுகிறவருக்கு எண்ணெய் போதும், அந்தத் தோட்டா கரி அதிகம் கக்கும். எப்போதாவது சுட்டுப் பூட்டி வைக்கும் .32 என்றால் தடத்தில் அரிசியளவு கிரீஸ், மற்ற இடத்தில் எண்ணெய். ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) ஓடும் துளையில் இரண்டுமே வேண்டாம். அப்புறம், தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீர்கள், பிசுக்கேறிவிடும்.