செட் கொள்கலனில் தேடுதல்: ஊர்ப்பெயர்ப் பட்டியலோடு ஒரு நெடுநாள் அனுபவம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பார்சல் ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனத்துக்காக சி++ மொழியில் எழுதப்பட்ட நிரலைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பார்சல் போய்ச் சேரும் ஊர்களின் பெயர்கள் தமிழிலேயே, ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் செட் கொள்கலனில் (ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை மட்டுமே, வரிசைப்படி வைத்திருக்கும் தொகுப்பில்) வைக்கப்பட்டுள்ளன. பதிவு மேசையில் தட்டச்சாகும் ஒவ்வொரு பெயரும் அதில் உண்டா என்று தேடப்படுகிறது. இவ்வளவு காலப் பழக்கத்தில் எனக்கு உறுதியானது இது: செட்டின் வேகம் நம்பத்தக்கது, தேடலின் சரித்தன்மையோ நாம் தரும் வரிசை விதியையே முழுவதும் சார்ந்தது.

பெரும்பாலான கம்பைலர்களில் செட் என்பது ரெட்-பிளாக் ட்ரீ, அதாவது தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் தேடல் மரம். பத்து லட்சம் உறுப்புகள் இருந்தாலும் ஏறத்தாழ 20 ஒப்பீடுகளில், மிக மோசமான அமைப்பிலும் 40 ஒப்பீடுகளுக்குள், விடை கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பயன் செட்டுக்கே உரிய ஃபைண்ட் ஃபங்ஷனை அழைத்தால்தான் கிட்டும். பொதுவான அல்காரிதமாக உள்ள ஃபைண்ட், மரம் என்பதையே அறியாமல் முதல் உறுப்பிலிருந்து வரிசையாக நடக்கும். தேடும் மதிப்பைவிடச் சிறியதல்லாத முதல் உறுப்பைக் காட்டும் பொதுவான லோயர் பவுண்டும் அப்படித்தான்: ஒப்பீடுகள் குறைவு, ஆனால் உறுப்புகளைச் சுட்டி நகரும் செட்டின் இட்டரேட்டரால் தாவ முடியாததால் நடை குறைவதில்லை. புதியவர்களின் நிரலைச் சரிபார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தமிழ்ப் பெயர்களில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு உறுப்புகள் சமமா என்று செட் கேட்பதே இல்லை. ஒன்று மற்றொன்றைவிடச் சிறியதன்று, மற்றொன்றும் இதைவிடச் சிறியதன்று என்றால் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. ஸ்டிரிங்குக்கான (எழுத்துச் சரத்துக்கான) இயல்பான ஒப்பீடு பைட்டுகளை மட்டுமே பார்க்கும். காட்டுமன்னார்கோயிலில் உள்ள 'கோ' என்ற எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என இரு குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். யூனிகோடு இவ்விரண்டையும் நிகரானவை என்றே வரையறுக்கிறது, திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் செட் அவற்றை இரண்டு ஊர்களாக வைத்துக்கொள்ளும். தொழுதூருக்கும் இதே நிலைதான். வெவ்வேறு கிளைகளிலிருந்து வந்த கோப்புகளைச் சேர்த்தபோது ஒரே ஊரின் கணக்கு இரண்டாகப் பிரிந்து நின்றது இதனால்தான். வரிசையின்றி, ஹாஷ் என்ற கணக்கிட்ட எண்ணைக் கொண்டு தேடும் அன்ஆர்டர்டு செட்டுக்கு மாறினாலும் தீராது, ஏனெனில் ஹாஷும் அதே பைட்டுகளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. உள்ளே இடும்போதும் தேடும்போதும் பெயரை, நிகரான எழுத்துமுறைகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுவதே வழி. ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இவ்வசதி இல்லாததால் யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு நூலகத்தைப் பயன்படுத்துகிறோம்.

பட்டியலை அச்சிடும்போது இன்னொன்று தெரிகிறது. யூனிகோடு வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். ஆகவே எழுத்தெழுத்தாக ஒப்பிடும் தனி விதி ஒன்றை எழுதிச் செட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். இவ்விதி 'சிறியது' என்பதற்கு மட்டுமே உண்மை என்று சொல்ல வேண்டும். 'சிறியது அல்லது சமம்' என்று எழுதிவிட்டால் நிரலின் நடத்தைக்கே உத்தரவாதம் இல்லை. உள்ளே இருக்கும் பெயரையே இல்லை என்று ஃபைண்ட் சொல்லக்கூடும்.

இந்த வரிசையின் பலனை நான் மிகவும் விரும்புவது முன்னொட்டுத் தேடலில். 'பரங்' என்று தட்டியதும் செட்டின் லோயர் பவுண்ட், பரங்கிப்பேட்டை தொடங்கும் இடத்தில் கொண்டு நிறுத்துகிறது. அன்ஆர்டர்டு செட்டால் இது இயலாது. சி++14 முதல் ஒப்பீட்டு விதியை டிரான்ஸ்பரன்ட் (வேறு வகை மதிப்போடும் நேரடியாக ஒப்பிடக்கூடியது) என்று அறிவித்தால், தேடலுக்காகத் தற்காலிக ஸ்டிரிங் உருவாக்குவதும் தவிர்கிறது. சி++20 தந்த கன்டெய்ன்ஸ், இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு எண்ட் என்னும் முடிவிடத்தோடு ஒப்பிடும் வேலையை நீக்கித் தெளிவாக விடை சொல்கிறது.

ஒருமுறை ஏற்றிய பின் மாறாத பட்டியல் என்றால், வரிசைப்படுத்திய வெக்டரில் (உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து அமையும் கொள்கலனில்) பாதிபாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி தேடலையே பரிந்துரைப்பேன். மரத்தின் கணுக்கள் நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால் கேஷ் (செயலிக்கு அருகிலுள்ள விரைவு நினைவகம்) பயன்பாட்டில் வெக்டரே மேல். எங்கள் பட்டியலில் நிரல் ஓடும்போதே ஊர்கள் சேர்வதும் நீங்குவதும் உண்டு, அப்போதும் மற்ற உறுப்புகளைச் சுட்டும் இட்டரேட்டர்கள் செல்லுபடியாகவே இருக்கின்றன. அதனால் இங்கே செட்டை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.