சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு: சிஜிபிஏவா, மார்க்கோடு கிரேடா?

சிபிஎஸ்இயில் 2010 முதல் 2017 வரை பத்தாம் வகுப்பு முடித்தவர்களிடம் இருப்பது சிஜிபிஏ (பாடவாரிக் கிரேடு புள்ளிகளின் சராசரி) சான்றிதழ், மார்க் இருக்காது. 2018 முதல் பாடவாரியாக மார்க்கும், பக்கத்திலேயே கிரேடும் வருகிறது. இரண்டில் இப்போதைய முறையே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

பழைய முறையின் நல்லதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு எஃப்ஏவுக்கு (வகுப்பறையிலேயே நடக்கும் வளரறி மதிப்பீடு) தலா 10 சதவீதம், இரண்டு எஸ்ஏவுக்கு (பருவத் தேர்வு) தலா 30 சதவீதம் என்று மதிப்பீடு ஆண்டு முழுவதும் பரவியிருந்தது. ஒரே பரீட்சையில் தலையெழுத்து முடிவாகிவிடும் என்ற பயம் குறைந்தது. பொதுத்தேர்வுக்கு 80, பள்ளியின் அக மதிப்பீட்டுக்கு 20 என்ற இன்றைய முறையில் அந்தப் பரவல் இல்லை.

ஆனால் சான்றிதழை வெளியே நீட்டும்போதுதான் பழைய முறையின் ஓட்டை தெரியும். ப்ளஸ் ஒன் சேர்க்கையோ வேலை விண்ணப்பமோ, கேட்பது பெரும்பாலும் சதவீதம். அதற்கு சிஜிபிஏவை 9.5ஆல் பெருக்க வேண்டும். 91 முதல் 100 வரை எடுத்தால் ஏ1 கிரேடு, 10 புள்ளி; 81-90க்கு 9, 71-80க்கு 8 என்று இறங்கும். ஏ1 வாங்கியவர்களின் சராசரி மார்க் 95ஐ ஒட்டி இருந்ததால், அதை 10 புள்ளியால் வகுத்து வந்த எண் 9.5. எல்லாப் பாடத்திலும் 91 எடுத்தாலும் 100 எடுத்தாலும் 95 சதவீதம்தான். எல்லாவற்றிலும் 90 எடுத்தால் சிஜிபிஏ 9, அதாவது 85.5. பாடத்துக்கு ஒரு மார்க் குறைந்ததற்கு ஒன்பதரை சதவீதம் போய்விடுகிறது.

இன்னும் மோசமான கணக்கு உண்டு. ஒரு மாணவி மூன்று பாடங்களில் 100, இரண்டில் 80 எடுக்கிறாள், மொத்தம் 460. புள்ளிகள் 10, 10, 10, 8, 8. சிஜிபிஏ 9.2, சதவீதம் 87.4. ஐந்திலும் 91 எடுத்தவனின் மொத்தம் 455தான், அவனுக்கோ 95. கூடுதல் மார்க் எடுத்தவள் 7.6 சதவீதம் பின்னால் நிற்கிறாள். மார்க் அச்சாகாததால் சான்றிதழைக் காட்டி அவளால் அதை நிரூபிக்க முடியாது. 500க்கு எவ்வளவு என்று நேராகச் சொல்லும் தமிழ்நாடு எஸ்எஸ்எல்சி மார்க்கோடு ஒரே பட்டியலில் வைத்தால் இந்த அநியாயம் பளிச்சென்று தெரியும். 9.5ஆல் வருவது தோராய சதவீதம் என்றுதான் வாரியமும் சொன்னது. விண்ணப்பப் படிவத்தில் 'தோராயம்' என்று எழுத இடம் ஏது?

இப்போதைய முறையில் கவனிக்க வேண்டியது கிரேடின் பொருள் மாறியிருப்பது. அன்று 91 முதல் 100 வரை ஏ1. இன்று அந்தப் பாடத்தில் பாஸானவர்களை மார்க் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த பங்குக்கு ஏ2 என்று டி வரை போகிறார்கள், பாஸாகாதவர்களுக்கு இ. ஒரே மார்க் எடுத்தவர்களுக்கு ஒரே கிரேடு என்பதால் பங்கு சற்றுக் கூடும், குறையும். எல்லோரும் அள்ளிக் குவிக்கும் பாடத்தில் 91க்கு ஏ2வோ அதற்குக் கீழோ வரலாம். கடினமான பாடத்தில் அதைவிடக் குறைந்த மார்க்குக்கே ஏ1 கிடைக்கலாம். அதனால் 2016 சான்றிதழின் ஏ1ஐயும் 2024 சான்றிதழின் ஏ1ஐயும் ஒப்பிடக் கூடாது. பிள்ளையின் கிரேடு "இறங்கிவிட்டது" என்று திட்டுவதற்கு முன் மார்க்கைப் பாருங்கள்.

மொத்த சதவீதத்தையும் டிஸ்டிங்ஷனையும் வாரியம் இப்போது போடுவதில்லை. ஐந்துக்கு மேல் பாடம் எழுதியிருந்தால் எந்த ஐந்தைக் கூட்டுவது என்பது சேரப்போகும் நிறுவனத்தின் முடிவு. படிவம் நிரப்பும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாவது பாடம் சேருமா சேராதா என்பதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள்.

2026 முதல் அதே ஆண்டில் நடக்கும் இரண்டாவது பொதுத்தேர்வில் மூன்று பாடங்கள் வரை மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். பலர் உயர்த்தினால் எட்டில் ஒரு பங்கின் எல்லை எங்கே நகரும் என்பதை இரண்டு மூன்று ஆண்டு முடிவுகள் வந்த பிறகுதான் பேச முடியும். மார்க் அச்சில் இருக்கும்வரை எல்லை எங்கே நகர்ந்தாலும் மாணவருக்குப் பெரிய நஷ்டமில்லை.